லைப்சிக்குக்கு எத்தனை டிக்கெட்

ஒன்றுதான் கேட்டாள். “லேடீஸ் கோட்டு ஒண்ணு காட்டுங்க, நல்லா குளிர் தாங்கணும்” என்றாள் சுகிர்தம், அந்த ‘ஒண்ணு’ என் காதில் விழுந்த இடத்திலேயே நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. புலிவார்டு ரோட்டு ஓரத்தில் வருஷா வருஷம் ஐப்பசிக் கடைசியில் முளைத்துத் தை பிறந்ததும் காணாமல் போகிற திபெத்துக்காரர்களின் கம்பளிக் கடை இது, நீலத் தார்ப்பாய் வழியாக வெயிலும் நீலமாக இறங்குகிறது, நாலு பக்கமும் ஸ்வெட்டர், குல்லா, கையுறை, நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான், முதுகில் வியர்வை ஒழுகிக்கொண்டிருக்கிறது. திருச்சியில் கம்பளியை யார் வாங்குகிறார்கள் என்று இந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். கொடைக்கானல் போகிறவர்கள், பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள், மார்கழிப் பனிக்குக் காதை மூடிக்கொள்கிற கிழவர்கள். இப்போது ஜெர்மனிக்குப் போகிறவர்கள். போகிறவர்கள் இல்லை, போகிறவள். பன்னிரண்டு மணிக்கு மேல் டினா கூப்பிடுவாள், அங்கே அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரம், கூப்பிட்டு டிக்கெட் ஒன்றா இரண்டா என்று கேட்பாள், இன்றைக்குப் போடாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு விமானத்தில் இடமே இருக்காதாம். விண்வெளிக்குப் போன ருஷ்யப் பெண்ணின் நினைவாக வாலண்டினா என்று நான் பெயர் வைத்த மகள், லைப்சிக்கில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், அந்த ஊர்க்காரனையே கட்டிக்கொண்டாள். விசா எங்கள் இரண்டு பேருக்கும் வந்தாகிவிட்டது. சென்னையில் விசா கொடுக்கிற இடத்தில் கைரேகை எடுத்தார்கள். என் கைரேகையை அதற்கு முன்னால் எடுத்தது எழுபத்திநாலு ரயில்வே வேலைநிறுத்தத்தில், ஜெயிலில், அன்றைக்கு மை, இன்றைக்குக் கண்ணாடி, அரசாங்கத்துக்கு என் விரல் மேல் உள்ள ஆசை மட்டும் போகவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயைத் திறந்தேன், சுகிர்தம் என் காலை மிதித்தாள். அப்போதெல்லாம் இரண்டு பேரும் போவதாகத்தான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம்தான், காயவைத்த துணியை மடித்துக்கொண்டே, “நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்” என்றாள். சண்டை கிடையாது, கண்ணீர் கிடையாது. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். நான் “சரி” என்றேன். நாற்பது வருஷம் நிர்வாகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்தவன் நான், முதல் சுற்றிலேயே சரி சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏன் சொன்னேன் என்று ராத்திரி பூராவும் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒருவேளை ஏன் என்று கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயமாக இருக்கலாம்.

பயணத்துக்குத் திட்டம் போட்டவனே நான்தான், அதுதான் வேடிக்கை. பேச்சாளர்களுக்குச் சுற்றுப்பயணம் போடுவதில் இந்த மாவட்டத்தில் எனக்கு மிஞ்சி ஆள் கிடையாது, இதை என்னை ஒதுக்கிவைத்தவர்களே ஒப்புக்கொள்வார்கள், சங்கத்தின் பொன்விழாவில் என்னை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தவர்கள்கூட. எந்த ரயில், ரயிலடியில் யார் நிற்பார், எந்த வீட்டில் சாப்பாடு, அந்த வீட்டில் சர்க்கரைக்காரருக்குத் தோதாக ஏதாவது உண்டா, மைக் செட்டு யார் பொறுப்பு, போலீஸ் அனுமதி யார் பொறுப்பு, கூட்டம் முடிந்தால் எந்தப் பஸ். கைது வாரண்டு உள்ள பேச்சாளரை அறிவித்த நிறுத்தத்தில் இறக்கக்கூடாது, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறக்கி வயல் வழியாக அழைத்து வர வேண்டும். லைப்சிக்குக்கும் அப்படித்தான் போட்டேன். டிசம்பர் இருபத்திமூன்று, பிராங்க்பர்ட்டில் இறங்கி ரயில். லைப்சிக் ரயிலடியில் வரவேற்பு: டினா, மாப்பிள்ளை ஆந்த்ரேயாஸ். அந்த ரயிலடியைப் பற்றி நினைத்தாலே எனக்குக் கால் பரபரக்கிறது. தண்டவாளம் எல்லாம் வரிசையாக வந்து முட்டி நிற்கிற நிலையமாம், நம் சென்னை சென்ட்ரல் மாதிரி, ஆனால் அது இதன் மூலையில் அடங்கிவிடுமாம். பொன்மலைப் பணிமனையில் பெட்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே வயதைக் கழித்தவன் நான், பெட்டியை மேலே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றாத சந்தேகம் எல்லாம் எனக்கு உண்டு. பனி உருகிப் பிரேக் கட்டையில் ஒழுகி மறுபடி உறைந்தால் என்ன செய்கிறார்கள்? நெருப்புக் காட்டுகிறார்களா, சுத்தியலால் தட்டுகிறார்களா? அதைச் செய்கிற ஆளுக்குக் கையுறை யார் கொடுப்பது, நிர்வாகமா அவன் சொந்தச் செலவா? ஜெர்மனியைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்னைப் படிக்கவைத்தது சிறு வெளியீடுகள்தான், ஊசிப்பின் அடித்த பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம், டீக்கடையில் படித்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த நாட்டில் எந்த வருஷம் எந்தப் புரட்சி எப்படித் தோற்றது, யார் காட்டிக்கொடுத்தது, கடகடவென்று சொல்வேன். அங்கே ஜனங்கள் காலையில் எழுந்து என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியாது. எந்தச் சிறு வெளியீட்டிலும் அது இல்லை. புரட்சி தோற்ற மறுநாள் காலையிலும் எதையோ சாப்பிட்டிருப்பார்கள் இல்லையா, அது என்ன?

இருபத்தைந்தாம் தேதிக்கு ‘காலை முதல் மாலை வரை நகர வீதிகள், மக்கள் வெள்ளம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் போட்டோ எடுத்து டினாவுக்கு அனுப்பினேன், அவள் போனில் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“அப்பா, இருபத்தஞ்சாந் தேதி தெருவுல ஈ காக்கா இருக்காதுப்பா.”

“ஏன், ஊரடங்கா?”

“ஊரடங்கு இல்லப்பா, பண்டிகை.”

“பண்டிகைன்னா ஜனம் தெருவுக்குத்தானேம்மா வரும்?”

“இங்க வீட்டுக்குள்ள போயிடும். கதவைச் சாத்திக்கிட்டு வாத்து சாப்பிடும். அப்புறம் தூங்கும். கிறிஸ்துமஸ் கடைத்தெரு எல்லாம் அதுக்கு முன்னாடியே பிரிச்சுக் கட்டிடுவாங்க.”

கூட்டம் இல்லாத பண்டிகை. தெப்பக்குளத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிற ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிக் கற்பனை செய்வது? கூட்டம் எங்கே கூடும் எங்கே கூடாது என்று மோப்பம் பிடிப்பதுதான் என் தொழிலே, சம்பள நாளில் எந்த கேட், லீவு நாளில் எந்த டீக்கடை, நான் போட்ட இடத்தில் கூட்டம் தப்பியதே இல்லை, அப்பேர்ப்பட்டவன் ஆளே இல்லாத தெருவுக்கு மக்கள் வெள்ளம் என்று எழுதியிருக்கிறேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் அந்தக் காலித் தெருவைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது பாருங்கள், கூட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டதைவிட அதிகமாக. மூடிய கதவுகள், ஜன்னலில் விளக்கு, தரையில் பனி, யாருமே இல்லாத நடுத்தெருவில் நான் ஒருத்தன். என்ன சத்தம் கேட்கும் அங்கே? சத்தமே இல்லை என்றால் அது எப்படி இருக்கும்? இனிமேல் அது எனக்குத் தெரியப்போவதில்லை. சுகிர்தம் வந்து சொல்வாள். சொல்வாளா? “நல்லாத்தான் இருந்துச்சு” என்பாள், அத்தோடு முடிந்தது.

கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி முன்னால் திரும்புகிறாள், புடவைக்கு மேல் முழங்கால் வரை கோட்டு, கீழே ரப்பர் செருப்பு. பேமா என்று பெயராம் அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு, முப்பது வயது இருக்கலாம், குட்டையாகக் கன்னம் சிவந்து, நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறாள்.

“மைனஸ் பத்து தாங்கும்மா இது. கியாரண்டி.”

“நீ மைனஸ் பத்துல இருந்திருக்கியாம்மா?” என்று கேட்டேன், சும்மா இருக்க முடியவில்லை.

“நானா? நான் பனியே பாத்ததில்ல ஐயா. பைலகுப்பேல பொறந்தேன், மைசூர் பக்கம். ஐஸ்னா எனக்குக் குச்சி ஐஸ்தான்.”

சுகிர்தம் சிரித்துவிட்டாள். நானும்தான். “எங்க தாத்தாதான் பனியில நடந்தே வந்தாரு” என்றாள் பேமா, கோட்டின் தோளைத் தட்டிச் சரிசெய்துகொண்டே.

“அது வந்தும்மா, ஐம்பத்தொம்பதுல அங்க என்ன நடந்ததுன்னா, முதல்ல அந்த நிலவுடைமை அமைப்பைப் புரிஞ்சுக்கணும்...”

“ஐயா வாத்தியாரா அம்மா?”

“இல்ல” என்றாள் சுகிர்தம், கண்ணாடியைப் பார்த்தபடியே. “அதைவிட மோசம்.”

வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்ட பிறகும் அந்த வாக்கியம் உள்ளே ஓடி முடிந்துதான் நின்றது, நிலவுடைமை, மடாலயம், பண்ணையடிமை, எல்லாம் வரிசை தப்பாமல். அந்தப் பெண்ணின் தாத்தா எத்தனை நாள் நடந்தார், காலில் என்ன போட்டிருந்தார், வழியில் யார் சோறு போட்டது, அதைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது, தோன்றுவதற்குள் விளக்கம் முந்திக்கொள்கிறது, அது எப்போதும் முன் பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருக்கிறது. இங்கே நடந்த டினாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாயார் ஹெல்கா அம்மாள் ஏதோ ஒன்று கேட்டாள், தாலி எதற்கு இல்லை என்று கேட்டாளோ என்னவோ, நான் எழுந்து பேச ஆரம்பித்தேன், டினா மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொண்டை வறண்டு போனாள், சாப்பாடு ஆறிப்போனது. எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினால் நன்றாகப் பேசியதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஹெல்கா அம்மாளிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அவளைப் பார்ப்பதற்காகவே நான் போக வேண்டும். எண்பத்தொன்பதில் அந்த ஊரில் திங்கட்கிழமைதோறும் நிக்கோலாய் ஆலயத்திலிருந்து ஜனங்கள் வெளியே வந்து நடந்தார்கள், முதலில் கொஞ்சம் பேர், பிறகு ஆயிரம் பேர், அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை எழுபதாயிரம் பேர் என்கிறார்கள், போலீஸ் துப்பாக்கியோடு நின்றது, சுடவில்லை, அடுத்த மாதம் பெர்லின் சுவர் விழுந்தது. அப்போது நான் இங்கே ஒரு துண்டறிக்கை எழுதினேன், ‘மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு துரோகம்’ என்று தலைப்பு, பணிமனை ஆர்மரி கேட்டில் காலை ஷிப்டுக்குக் கொடுத்தோம். லைப்சிக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று படத்தில்கூடப் பார்க்காமல் எழுதினேன். அதில் ஒரு வரியைக்கூட இன்றைக்கும் நான் திரும்பப் பெறவில்லை, சேர்ந்து கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் திரும்பப் பெற்றுக்கொண்டு இப்போது சொந்தமாக வீடு வாசல் என்று இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஆனால் போன வருஷம் வீடியோவில் ஹெல்கா அம்மாள் சொன்னாள், தானும் அந்த எழுபதாயிரத்தில் ஒருத்தி என்று. கையில் மெழுகுவர்த்தியாம். டினா மொழிபெயர்த்தாள். “ஒரு கையால அதைப் பிடிக்கணுமாம்ப்பா, இன்னொரு கையால காத்து அணைக்காம மறைக்கணுமாம். ரெண்டு கையும் வேலையில இருக்கும், கல்லு எடுக்க முடியாது. அதுக்காகத்தான் மெழுகுவர்த்தியாம்.” எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. எத்தனை ஊர்வலம் நடத்தியிருக்கிறேன், நடுவில் எவனோ ஒருத்தன், நம்மாளோ நிர்வாகம் அனுப்பிய ஆளோ, ஒரு கல்லை வீசுவான், முடிந்தது, தடியடி, வழக்கு, ஆறு மாதம் சங்கம் படுத்துவிடும். அதற்குத் தொண்டர் படை, கயிறு, விசில், என்னென்னவோ வைத்திருந்தோம். கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது தோன்றவே இல்லை. கையை உயர்த்தி முஷ்டி மடக்கத்தான் சொல்லிக்கொடுத்தோம், மடக்கிய முஷ்டிக்குள் கல் இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு நாள் மத்தியானம் மாடத்தில் இருந்த மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தேன். உண்மைதான், இரண்டு கையும் போய்விடுகிறது. மெழுகு விரலில் சொட்டுகிறது, சுடுகிறது, உதற முடியாது. நடை தானாகவே சின்னதாகிறது, கண் சுடரைவிட்டு எடுபடவில்லை, பக்கத்தில் போலீஸ் நின்றாலும் பார்க்க மாட்டோம். கோஷம் போட்டுப் பார்த்தேன், மூச்சுப் பட்டு அணைந்துவிட்டது. அப்படியென்றால் கத்தாமல் நடந்திருக்கிறார்களா? அல்லது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டா? சுகிர்தம் துணி எடுக்க மேலே வந்தவள் நின்று பார்த்தாள். “என்ன பண்றீங்க?” என்றாள். “கரண்ட் போயிடுச்சு” என்றேன், பட்டப்பகலில். அவள் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஹெல்கா அம்மாளிடம் இன்னும் கேட்க வேண்டும். மெழுகுவர்த்தியை யார் வாங்கிக் கொடுத்தது, வீட்டிலிருந்தா கொண்டு வந்தார்கள், காற்று பலமாக அடித்தால் பக்கத்து ஆளிடம் பற்றவைத்துக்கொண்டார்களா, பயமாக இருந்ததா, எந்த இடத்தில் பயம் போனது. சுவர் விழுந்த பிறகு அவள் வேலை பார்த்த நூற்பாலையை மூடிவிட்டார்களாம், அதையும் டினாதான் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்குள் ஒருத்தன், பார்த்தாயா நான் அன்றைக்கே எழுதினேன் என்று எழுந்து நின்றான், அவனை உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான், ஆனால் வெளியே போகவில்லை. அவள் எதிரே போய் நின்றால் எனக்குள் இருக்கிற இரண்டு பேரில் யார் பேசுவான், கேட்கிறவனா, சொல்கிறவனா? அதையே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது. ஆலயத்தின் வாசலில் ஹெல்கா அம்மாள் தோளில் கையை வைத்துக்கொண்டு, இங்கேதானா, இந்தப் படியா, என்று. திட்டத்தில்கூட அப்படித்தான் எழுதினேன். இருபத்திநாலு, மாலை: நிக்கோலாய் ஆலயம், போராட்டம் தொடங்கிய இடம், விளக்கம்: நான்.

விளக்கம்: நான். அதைத்தான் சுகிர்தம் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேற்றுப் படித்தாள். படித்துவிட்டு மேசையில் வைத்தாள், வைத்துவிட்டுத் துணி மடித்தாள், மடித்துக்கொண்டே சொன்னாள். அப்படியானால் அதுதானா? இருபத்திநாலு சாயங்காலம் அங்கே ஆராதனை நடக்கிறது, ஹெல்கா அம்மாள் வருஷா வருஷம் போவாளாம், சுகிர்தத்தையும் கூப்பிட்டிருக்கிறாள். நான் தடுக்கவில்லையே. என்றைக்கும் தடுத்ததில்லை. பொறையாறு மிஷன் பள்ளிக்கூடத்து ஞானாபரணம் வாத்தியார் மகள், லுத்தரன் சபைக் குடும்பம், எழுபத்தொன்பதில் சங்க அலுவலகத்தில் மாலை மாற்றிக் கல்யாணம், பாதிரி ஐயர் கிடையாது, வேதப்புத்தகம் கிடையாது, அவள் அப்பா கடைசியில் நின்றுகொண்டிருந்துவிட்டு வந்து அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். போக விருப்பமிருந்தால் கோயிலுக்குப் போகலாம் என்று அன்றைக்கே சொன்னேன். அவளைத் தடுக்காததை நான் எத்தனையோ மேடையில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அவள்தான் போகவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போடுவோம், ஏசு என்கிற மனிதர் பிறந்த காலத்துச் சமுதாய நிலைமை, நான்தான் பேச்சாளர், தெரு பூராவும் காகித நட்சத்திரம், எங்கள் வீட்டில் மட்டும் டியூப்லைட், தோழர்களுக்கு டீ போட்டுக்கொண்டு வந்து கொடுப்பாள், எல்லாரும் கேட்பார்கள், அவளும் நிலைப்படியில் நின்று கேட்பாள், அதாவது கேட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நம்புகிறாளா இல்லையா? நாற்பத்தைந்து வருஷம் ஒரே கூரை. ஹெல்கா அம்மாளுக்கு இவ்வளவு கேள்வி வைத்திருக்கிறேன், மெழுகு சொட்டினால் உதறினாயா என்பது வரை. இவளுக்கு ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. இவளைப் பற்றித் தெரியும் என்று விட்டுவிட்டேனா, லைப்சிக்கைப் படத்தில் பார்க்காமல் எழுதிய மாதிரி? அவள் போய்விட்டால் மூன்று வாரம் வீட்டில் நான் மட்டும். டீ போடத் தெரியும், சோறு வடிக்கத் தெரியும், அதெல்லாம் ஜெயிலிலேயே பழகியது. பயம் அதில்லை. விமானம் ஏறியதும் அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள் என்பதுதான். அந்த மூச்சு இங்கே எனக்குக் கேட்டுவிடும்.

கோட்டுப் பொத்தானைக் கழற்றுகிறாள். முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. பேமா பை எடுக்கிறாள்.

“சுகிர்தம்.”

“ம்.”

“இருபத்திநாலாந் தேதி அந்தக் கோயில்ல... நீ என்ன பண்ணுவ?”

திரும்பினாள். பொத்தானில் வைத்த விரல் அப்படியே இருந்தது. என் முகத்தை அவள் பார்த்த பார்வை, நான் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது எதிர்ப்பக்கத்து அதிகாரியைப் பார்க்கிற பார்வை, இதில் என்ன உள்குத்து என்று.

“எதுக்குக் கேக்குறீங்க?”

“தெரியல, அதான் கேக்குறேன்.”

“கேட்டுட்டு பதிலையும் நீங்களே சொல்லிடுவீங்களே.”

ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“பாடணும்” என்றாள். “வேற ஒண்ணும் பெரிசா இல்ல.”

“என்ன பாட்டு?”

“எங்க சபையில ஞானப்பாட்டுன்னு பாடுவோம்ல. உங்களுக்கு எங்க தெரியும். அந்த மெட்டெல்லாம் அங்கேயிருந்து வந்ததுதான், லைப்சிக் மிஷன் ஐயருங்க கொண்டாந்தது. அப்பா ஆர்மோனியப் பெட்டியில வாசிப்பாரு, வார்த்தைதான் நம்மது, மெட்டு அவங்களது, நாம மாத்தலைம்பாரு. எங்க வீட்டுல முன் அறையில ஒரு படம் மாட்டியிருக்கும், ஞாபகம் இருக்கா? ஊரு மேல பூரா பனி?”

“பிஸ்கட் டப்பாவுல இருந்து வெட்டினதுன்னு நெனச்சேன்.”

“அதுதான் லைப்சிக்.” பேமா பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு மாயவரம் தெரியறதுக்கு முன்னாடி லைப்சிக் தெரியும். ஜெபத்துல தெனமும் அந்தப் பேரு வரும். டினாவுக்கு அந்த ஊர்லதான் வேலைன்னு நீங்க வந்து சொன்னப்போ, அது எங்க இருக்கு, அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒரு மணி நேரம் சொன்னீங்க.”

“நீ சொல்லலையே.”

“எங்க சொல்றது.” சொன்ன விதத்தில் கோபம் இல்லை. கோட்டின் கையை நீவிவிட்டுக்கொண்டாள். “அவங்க அவங்க பாஷையில பாடுவாங்க. நான் தமிழ்ல பாடுவேன், மெதுவாத்தான். ரெண்டும் ஒண்ணா வந்து ஒண்ணா முடியுதான்னு பாக்கணும். அவ்வளவுதாங்க. பக்கத்துல ஒருத்தர் இது எப்ப வந்துச்சு, எவன் கொண்டாந்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தா எனக்கு வரி மறந்துடும்.”

வந்துவிட்டது. தரங்கம்பாடி, டேனிஷ்காரன் கோட்டை, அச்சுக்கூடம், கப்பல், வியாபாரம் முன்னால் வேதம் பின்னால், எல்லாம் எழுந்து வரிசையில் நின்று தொண்டைக்கு வந்துவிட்டது, முதல் சொல் நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது, ‘அது வந்து’. பதினாறு பக்கமும் எனக்கு மனப்பாடம், ஒரு வரி தப்பில்லை, அத்தனையும் உண்மை. ஆனால் பாட்டு ஒன்றாக முடியுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. நிஜமாகவே இல்லை, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். தமிழில் சொல் நீளம். ‘நெஞ்சமே’ என்பதற்கு அவர்கள் ஒரே ஒரு அசையில் சொல்லிவிட்டுப் போய்விட்டால்? யாராவது கூட்டிக் குறைத்துக் கட்டியிருப்பார்கள். அந்த ஐயர்களா, இங்கே பொறையாற்றில் ஒரு வாத்தியாரா? இத்தனை வருஷத்தில் கப்பலேறி வந்த மெட்டு அங்கேயே இருக்கிற மெட்டைவிட்டு நழுவாமலா இருக்கும்? நழுவியிருந்தால் எது சரி? அதைவிட, இவள் பாடினால் எப்படி இருக்கும்? டினாவைத் தூங்கவைக்கும்போதுகூடப் பாடியதாக ஞாபகம் இல்லை. நான் வீட்டில் இல்லாத ராத்திரிகளில் பாடியிருப்பாளோ?

“ஒண்ணா முடியலன்னா?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். கண் தார்ப்பாய்ப் பக்கம் போனது, உதடு லேசாக அசைந்தது, வரியை எண்ணிப் பார்க்கிறாளோ என்னவோ.

“நிறுத்திட்டு அவங்களுதைக் கேப்பேன்” என்றாள். பிறகு, “இல்ல, விட மாட்டேன். என்னுதை முடிச்சுட்டுத்தான்.”

பேமா, “கரெக்ட்டும்மா” என்றாள்.

போன் அடித்தது. பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள், கோட்டோடு நின்றபடியே. டினாவின் குரல் எனக்கு எட்டுகிறது, வார்த்தை எட்டவில்லை. சுகிர்தம் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எதையும் சொல்லவில்லை, சத்தியமாக, கண்ணால்கூட.

“ம். ரெண்டு போடு.”

மறுமுனையில் சத்தம்.

“ஆமாண்டி, ரெண்டுதான். ஆனா பக்கத்துல பக்கத்துல வேணாம்.”

மறுபடி சத்தம், இன்னும் பெரிதாக.

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. தள்ளிப் போடு. எனக்கு ஜன்னலு.”

பேமா கொக்கிக் கம்பைத் தூக்கிவிட்டாள், மேலே ஆம்பளைக் கோட்டு வரிசையில் துழாவுகிறாள், தூசி என் மேல் கொட்டுகிறது. தள்ளி என்றால் எவ்வளவு தள்ளி? ஒப்பந்தத்தில் இப்படிப் பொத்தாம்பொதுவாக விட்டால் பின்னால் தகராறு வரும், ஆனால் இதில் திருத்தம் கேட்கிற இடத்தில் நான் இல்லை. முன் வரிசையா, பின் வரிசையா? முன் வரிசை என்றால் ஒன்றும் தெரியாது, யாரோ ஒரு ஜெர்மன்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அவரிடம் கேட்கலாம், மொழி தெரியாவிட்டால் கையால் காட்டிக் கேட்கலாம். பின் வரிசை என்றால் நரைத்த உச்சந்தலை தெரியும், அது ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தால் தூக்கம், நிமிர்ந்திருந்து லேசாக அசைந்தால் மனசுக்குள் வரியைப் பாடிப் பார்க்கிறாள் என்று அர்த்தம், விமானச் சத்தத்தில் கேட்காது, கேட்காவிட்டால் என்ன. எந்த வரிசை? கேட்க வேண்டும். அவள் பேசி முடிக்கட்டும்.